மறுபத்தியத்தின் முதல் நாள்

கேரளத்தின் கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையில் 21 நாள் தங்கிச் சிகிச்சை பெற்றுவிட்டு, நேற்று மாலை உடுமலைப்பேட்டைக்குத் திரும்பினேன். அறையைக் காலி செய்யும்போது, நாள்தோறும் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பெண்களிடம் பழக்கத்தில் "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். மருத்துவமனையிலிருந்து கிளம்புகிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்; சொன்ன பிறகு மனம் துணுக்குற்றது. அவர்களில் மூத்தவரோ அதைச் சற்றும் தவறாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த கர்க்கடகத்திலும் அவசியம் வர வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அங்கே மறுபடியும் வருவது அபசகுனமாகக் கருதப்படுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றி வீட்டைச் செப்பனிடுவதுபோல, மழைக் காலத்தில் உடம்பைச் செப்பனிட்டுக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய கர்க்கடக மாதம்தான் நம்முடைய ஆடி. ஆனால் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் அது மழை மாதம். இந்தப் பக்கம் காற்று மாதம். என் பயணம் முழுவதும் இந்த வேறுபாட்டைப் பற்றியதாகவே ஆகிவிட்டது.

24 ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்தியதில் இடுப்பும் வலது முழங்காலும் ஓய்ந்துபோயிருந்தன. தேய்ந்த மூட்டு மீண்டும் வளர்ந்துவிடாது என்பதை மருத்துவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கையை உண்டாக்கியது. வலியைக் குறைப்பது, சுற்றியுள்ள தசைகளுக்கு வலுவூட்டுவது, விறைப்பைத் தளர்த்துவது ஆகியவையே நோக்கம். முதலில் சில நாள் எண்ணெய்த் தேய்ப்பும், மூலிகை இலைகளைத் துணியில் முடிந்து ஒற்றும் இலைக்கிழியும், பிறகு பிழிச்சில், இறுதியில் நவரக்கிழி என்று சிகிச்சை நடந்தது.

பிழிச்சிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாலும், படுத்துப் பார்த்தால்தான் புரிகிறது. தொட்டி போன்ற மரத் துரோணியில் நம்மைக் கிடத்தி, இருபுறமும் நின்றுகொண்டு, இளஞ்சூடான தைலத்தில் நனைத்த துணிகளை உடல்மேல் பிழிந்துகொண்டே மற்றொரு கையால் தேய்த்துவிடுகிறார்கள். ஓடி வழியும் எண்ணெயைச் சேகரித்து மறுபடி சூடாக்கிக் கொடுக்க ஓர் ஆள் நிற்கிறார். ஒருவர் கையின் வேகமும் மற்றவர் கையின் வேகமும் சற்றும் பிசகுவதில்லை. நவரக்கிழிக்கு, குறுந்தோட்டி வேர்க் கஷாயமும் பாலும் சேர்த்து வேகவைத்த நவர அரிசியைத் துணியில் முடிந்து, அந்த மூட்டையால் உடலெங்கும் ஒற்றித் தேய்க்கிறார்கள். நவரை ஏறத்தாழ 60 நாளில் விளையும் நெல். நம் அறுபதாம் குறுவையை அறிந்தவர்களுக்கு அதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை. குளித்து முடித்ததும், தலையில் நீர் கோத்துக்கொள்ளாமலிருக்க உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதி சூர்ணம் வைத்துத் தேய்த்துவிடுவார்கள். என் அம்மா இறந்த பிறகு என் உச்சந்தலையில் யாரும் அப்படிக் கை வைத்ததில்லை.

கிளம்பும் நாளில் மருத்துவர் என்னையும் என் கணவரையும் எதிரே உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இதை எழுதுகிறேன். எத்தனை நாள் சிகிச்சை எடுத்தோமோ அத்தனை நாள் வீட்டிலும் பத்தியம் காக்க வேண்டும். அதற்கு மலையாளத்தில் 'நல்லிரிக்க' என்று பெயர். நன்றாக இருத்தல், அவ்வளவுதான் பொருள். நம் சித்த மருத்துவத்தில் மருந்தை நிறுத்திய பிறகும் இருக்கச் சொல்லும் மறுபத்தியத்துக்கு இது உறவு. எண்ணெயும் வெப்பமும் ஏற்ற உடல் இளகிய நிலையில் இருக்கும், செரிமானத் தீ மந்தமாக இருக்கும், அது பழைய நிலைக்கு வரும்வரை எதையும் வலிந்து செய்யக் கூடாது என்பது ஆயுர்வேதம் சொல்லும் காரணம்.

விலக்க வேண்டியவையாகப் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எட்டைச் சொல்கிறது: உரத்த பேச்சு, வண்டியின் குலுக்கல், மிகுந்த நடை, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், முன்பு உண்டது செரிக்காமல் உண்பது, ஒவ்வாத உணவு, பகல் உறக்கம், உடலுறவு. முதல் இரண்டைக் கேட்டதும் எனக்குக் கவலை பற்றிக்கொண்டது. உரத்துப் பேசுவது என் பிழைப்பு. வண்டியின் குலுக்கல் இல்லாமல் வீடு போய்ச் சேர வழியில்லை. இரவுப் பயணம் வேண்டாம், பகல் ரயிலில் போங்கள், காதுகளை மூடிக்கொள்ளுங்கள், வீட்டில் காற்றுக்கு நேரே உட்காராதீர்கள் என்றார் மருத்துவர். ஆடி மாதத்தில் உடுமலைக்குப் போகிறவளிடம் காற்றில் படாதே என்றால் நான் எங்கே போவேன்?

கொண்டுவந்த பெட்டியில் பாதி கஷாயப் புட்டிகள்தான். இப்படிப் புட்டியில் அடைத்த கஷாயம் கிடைப்பதற்கே, 1902-இல் இந்த வைத்தியசாலையைத் தொடங்கிய வைத்தியரத்னம் பி.எஸ். வாரியருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதற்கு முன்பெல்லாம் வைத்தியர் எழுதித்தரும் மூலிகைகளைத் தேடிச் சேர்த்து, வீட்டிலேயே இடித்துக் காய்ச்ச வேண்டும். அவர் ஆயுர்வேதத்தோடு ஆங்கில மருத்துவமும் பயின்றவர். ஆயத்த மருந்துகளைப் பெருமளவில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடி. வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது?

திரூரில் ரயிலேறும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குற்றிப்புறத்திலிருந்து பாரதப்புழை வலப்பக்கத்தில் கரை நிரம்பிக் கூடவே வந்தது. ஆனைமலையில் பிறக்கும் எங்கள் ஆழியாற்றுத் தண்ணீரும் அதில்தான் போய்ச் சேர்கிறது என்பதால், அந்த ஆற்றை வேற்றூர் ஆறாக என்னால் பார்க்க முடியவில்லை. பாலக்காட்டில் இறங்கியபோது மழை தூறலாகிவிட்டிருந்தது. கொழுந்தனார் காருடன் காத்திருந்தார். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தூறலும் நின்று, தென்னைகள் கிழக்கே சாயத் தொடங்கின. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத வாசல். மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மழையையெல்லாம் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, இந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் நுழைகிறது. உடுமலையைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காதில் பஞ்சும் கழுத்தில் துண்டுமாக, நான் வளர்ந்த காற்றுக்கு ஒளிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் நாத்தனார் பெரிய விருந்து சமைத்து வைத்திருந்தார். கஞ்சியும் பாசிப்பயறும் போதும் என்றபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. எங்கள் பள்ளியில் ஒருவர் இதே சிகிச்சையை வேறோர் இடத்தில் எடுத்துக்கொண்டு, திரும்பிய மறுநாளே வேலைக்கு வந்து, பிறகு பலனே இல்லை என்று வருந்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விடுப்புக்குச் சான்றிதழ் கேட்பவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களை மட்டுமே நோய்க் காலமாகக் கணக்கிடுகிறார்கள். என்னிடம் சேர்த்துவைத்த விடுப்பு இருந்தது. நாள் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இந்த மறுபத்தியத்தை யார் தருவார்கள் என்ற கேள்வி அங்கிருந்த நாளெல்லாம் என்னை உறுத்தியது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போட்டு, கதவைச் சாத்திவைத்துக் காத்த வீடுகள் நம்மிடம் இருந்தன. மற்ற நோய்களுக்கும் அந்த அக்கறையை நாம் நீட்டியிருக்கலாம்.

வலி முழுதும் போய்விடவில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றேன். இரண்டு படிகளை ஒவ்வொரு காலாக மாற்றி வைத்து இறங்கினேன்.

இன்று ஆடி 23, மறுபத்தியத்தின் முதல் நாள். 21 நாளை நாட்காட்டியில் எண்ணிக் குறித்ததில் ஆவணி 12-இல் முடிகிறது. காலை உணவுக்கு முன்னால் 15 மில்லி கஷாயத்தை 60 மில்லி ஆறிய வெந்நீரில் கலந்து குடித்தேன். மதியம் கண்ணைச் சுழற்றிய தூக்கத்தைக் கீரை ஆய்ந்து விரட்டினேன். மேற்குப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் என் கணவர் அடைத்துவிட்டார். கதவிடுக்கில் மட்டும் காற்று ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. மாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். டீச்சர் சத்தமாகப் பேசக் கூடாது என்று வாசலிலேயே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலும். நான் மெதுவாகக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், திரும்பிப் போகும்வரை, அவர்களும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னார்கள்.