ஸ்க்ரோல் சா பழகுகிறவர்களுக்கு: தொடக்க நாட்களுக்கான அனுபவ வழிகாட்டல்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஹார்டுவேர் கடையில் ஸ்க்ரோல் சா (மரத்தில் நுணுக்கமான வளைவுகளை அறுக்கும் மின் ரம்பம்) கேட்டால், ஜிக்சாவை எடுத்து முன்னால் வைத்துவிடுவதுண்டு. இரண்டும் வேறு வேறு. ஜிக்சாவில் மரம் நிற்கும், மெஷின் நகரும். ஸ்க்ரோல் சாவில் மெஷின் நிற்கும், மரம்தான் நம் கையில் திரும்பும். பிளேடு மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி என்று இரு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டு மேலும் கீழும் ஓடும். நடுத்தரமான 5ஆம் நம்பர் பிளேடே ஏறக்குறைய 1 மி.மீ. அகலம், 0.4 மி.மீ. தடிமன்தான். அந்த ஒல்லியால்தான் நின்ற இடத்திலேயே மரத்தைச் சுழற்றித் திருப்ப முடிகிறது. அதே ஒல்லியால்தான் பிளேடு அடிக்கடி அறுந்தும் போகிறது.

பழகத் தொடங்குகிறவர்கள் எந்த மெஷின் வாங்குவது என்றே நாட்களை ஓட்டுகிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் வேறு மூன்று விஷயங்களில்: பிளேடு, அதன் டென்ஷன் (இழுத்துக் கட்டிய இறுக்கம்), கை தள்ளுகிற வேகம். சாதாரண மெஷினிலும் இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேலை சுத்தமாக வரும்.

மெஷினைப் பொறுத்தவரை 16 அங்குலம் போதும். பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அந்த 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பின் இல்லாத பிளேடை மாட்டும் வசதி. முனையில் குறுக்குக் கம்பி வைத்த பின் பிளேடு மாட்டச் சுலபம்தான். ஆனால் உள்வெட்டுக்கு (ஓரத்தைத் தொடாமல் பலகையின் நடுவே அறுத்தெடுப்பதற்கு) அந்தக் கம்பி நுழைய 4, 5 மி.மீ. துளை போட வேண்டும். பின் இல்லாத பிளேடுக்கு 1.5 மி.மீ. துளை போதும். நுணுக்கமான பூ வேலையில் இந்த வித்தியாசம்தான் எல்லாம். பின் பிளேடு மட்டும் ஏற்கும் மெஷின் விலை குறைவு என்று வாங்கினால், சில வாரங்களிலேயே வருத்தப்பட நேரும்.

பிளேடின் நீளம் 5 அங்குலம், 127 மி.மீ. நம்பர் ஏற ஏற அகலமும் பல்லும் பெரிதாகும். 6 மி.மீ. ப்ளைவுட்டுக்கு 2 அல்லது 3, 12 முதல் 18 மி.மீ. மரத்துக்கு 5, ஓர் அங்குலத் தேக்குக்கு 7 அல்லது 9. பழகும்போது 3ஆம் நம்பரில் ஒரு டஜன், 5ஆம் நம்பரில் இரண்டு டஜன் கையில் இருக்கட்டும். ரிவர்ஸ் டூத் வகை கிடைத்தால் அதையே வாங்கலாம். அதில் கீழ்க்கோடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும், மரத்தின் அடிப்பக்கம் பிசிறு கிளம்பாது. மாட்டும்போது மற்றப் பற்கள் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பிளேடு உச்சிக்கு வரும்போது தலைகீழ்ப் பற்களில் இரண்டு, மூன்று மெஷினில் மரம் வைக்கும் தட்டுக்கு மேல் தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் பிளேடு ஏறும்போதெல்லாம் மரத்தைத் தூக்கி அடிக்கும்.

ஓர் எச்சரிக்கை. நகைப் பட்டறைச் சாமான் கடையில் கிடைக்கும் ரம்ப பிளேடும் கிட்டத்தட்ட இதே நீளம், 130 மி.மீ. மெஷினில் மாட்டவும் மாட்டலாம். ஆனால் அது உலோகம் அறுக்கும் பிளேடு. நெருங்கிய சின்னப் பற்களுக்கு நடுவே மரத்தூள் அடைத்துக்கொள்ளும், பிளேடு சூடேறும், மரம் கருகும்.

மெஷினை மேஜையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அடியில் ஒரு ரப்பர் ஷீட் வைத்தால் அதிர்வு குறையும். பிறகு மூலைமட்டத்தைப் பிளேடோடு ஒட்டி வைத்துத் தட்டு 90 டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. இரண்டு அங்குல உயரமுள்ள கட்டையில் லேசாக ஒரு கீறல் அறுத்து, மெஷினை நிறுத்திவிட்டு, கட்டையைச் சுற்றிப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்தக் கீறலுக்குள் பிளேடு முதுகு உரசாமல் உட்கார்ந்தால் தட்டு நேராக இருக்கிறது. ஒருபக்கம் சாய்ந்தால் தட்டும் சாய்ந்திருக்கிறது. தட்டில் அச்சடித்த டிகிரி அளவுகோலை நம்ப வேண்டாம்.

டென்ஷனுக்குக் காதுதான் கருவி. பிளேடை விரலால் சுண்டினால் தந்தி மாதிரி தெளிவாக ஒலிக்க வேண்டும். "தொப்" என்று மந்தமாகக் கேட்டால் தளர்ச்சி. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. தளர்ந்த பிளேடு தடித்த மரத்துக்குள் வயிறு பிதுங்கி ஓடும். மேலே கோட்டில் இருப்பதுபோலத் தெரியும், அடியில் கோணியிருக்கும்.

மரத்துக்கு மரவாடியில் புதுப் பலகை வாங்கத் தேவையில்லை. கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி பட்டறையில் தேக்குத் துண்டுகள் கிடைக்கும். முதல் வாரம் 6 மி.மீ. ப்ளைவுட், அடுத்து 12 மி.மீ. ரப்பர் வுட் அல்லது குமிழ், அதற்குப் பிறகு தேக்கு என்று போகலாம். ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பழைய பெட்டிமரம் மலிவுதான். ஆனால் அது பெரும்பாலும் பைன். பைன் மரத்தில் வெள்ளை வரி மெத்து, சிவப்பு வரி கெட்டி. பிளேடு கெட்டியை விட்டு மெத்துப் பக்கமே ஓடப் பார்க்கும், தொடக்கத்தில் கை திணறும். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் அந்தப் பிளேடு அதோடு சரி. சந்தனத் துண்டு யாராவது கொடுத்தால், அது சட்டப்படி வந்தது என்பதற்கான காகிதம் இல்லாமல் தொட வேண்டாம். திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு இருக்கும் வட்டாரத்தில் இதை விளக்க வேண்டியதில்லை.

படத்தை மரத்தில் நேரடியாக ஒட்டக் கூடாது. முதலில் மரத்தின்மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் க்ளூ ஸ்டிக் தடவிப் படம், எல்லாவற்றுக்கும் மேலே பெட்டி ஒட்டும் பளபள டேப். மேல் டேப் பிளேடு வழுக்கி ஓட உதவும், கருகல் வெகுவாகக் குறையும். வேலை முடிந்ததும் அடி டேப்போடு எல்லாம் ஒரே உரிப்பில் வந்துவிடும். ஆனால் நம் ஊர் சித்திரை வெயிலில் டேப்பை இரண்டு, மூன்று நாள் அப்படியே விட்டால் பசை இளகி மரத்தில் இறங்கிவிடும், பிறகு தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டியதுதான். ஒட்டிய அன்றே அறுப்பது நல்லது.

பயிற்சியை நேர்க்கோட்டில் தொடங்க வேண்டும். நேர்க்கோடுதான் கடினம் என்பது அறுக்கும்போது தெரியும். பிளேடு செய்யும்போது ஒரு பக்கம் மெல்லிய சொரசொரப்பு தங்கிவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தை நேராகத் தள்ளினால் கோடு விலகிப்போவது அதனால்தான். மரத்தைச் சில டிகிரி திருப்பி வைத்துத் தள்ளினால் கோட்டில் நிற்கும். ஒரு பலகையில் ஒரு செ.மீ. இடைவெளியில் பத்துக் கோடு போட்டு அறுத்தால் அந்தக் கோணம் கைக்குப் பிடிபடும். அதற்குப் பிறகு அலைக்கோடு, வட்டம், சதுரம், சுருள். தொடக்கத்தில் வேகம் நிமிடத்துக்கு 800 முதல் 1000 ஓட்டம் போதும்.

கூர் மூலையில் திரும்புவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். மூலையை எட்டியதும் முன்னோக்கித் தள்ளுவதை நிறுத்தி, மரத்தைத் தன் பக்கம் இம்மியளவு இழுத்தால் பிளேடின் வழவழ முதுகு மரத்தைத் தொடும். பல்லில் அழுத்தம் இல்லாத அந்த நிலையில், மெஷின் ஓட ஓடவே மரத்தைச் சட்டென்று சுழற்ற வேண்டும். பல்லை அழுத்திக்கொண்டு திருப்பினால் மூலையில் ஓட்டை விழும். வெளி மூலையாக இருந்தால் கழிவு மரத்துக்குள் ஒரு வளையம் போட்டுத் திரும்பி வரலாம், இது சுலபம்.

உள்வெட்டு எல்லாவற்றையும் முதலில், நடுவிலிருந்து வெளியே நோக்கி முடித்துவிட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் அறுக்க வேண்டும். பிடிக்க மரம் இருக்கும்வரைதான் நுண்ணிய வேலை நடக்கும்.

தமிழ்ப் பெயர்ப்பலகை செய்ய ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆங்கில எழுத்துக்கு உள்ள மாதிரிப் படங்களின் விதி இங்கே முழுதாகப் பொருந்தாது. "வேலூர்" என்று நிற்கும் எழுத்தாக அறுத்துப் பாருங்கள்: கொம்பு தனி, வ தனி, லூ தனி, ர தனி, கடைசியில் புள்ளி மட்டும் தரையில் உருண்டு கிடக்கும். எழுத்துகளுக்கு அடியில் 10 மி.மீ. பட்டை ஒன்று ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் கோக்க வேண்டும். புள்ளியைக் கீழே இறக்கி, ரகரத்தின் தலையில் குறைந்தது 3 மி.மீ. ஒட்டியிருக்கும்படி வரைய வேண்டும். சுழிகளுக்குள் இருக்கும் கண் ஒவ்வொன்றும் தனி உள்வெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒரு தடவை பிளேடு கழற்றி மாட்டல். சிக்குக் கோலத்திலும் இதே கதை. கோடு மரமாக நின்றால் நடுப்புள்ளிகள் பிடிப்பில்லாமல் உதிரும். கோட்டை அறுத்து எடுத்தால் கட்டங்கள் மொத்தமும் உதிரும். கோட்டை 5 மி.மீ. அகலத்தில் மரமாக நிறுத்திப் புள்ளியை விட்டுவிடுவதே தொடக்கத்துக்கு ஏற்றது. கட்டை மரமாக இருந்தால் மெல்லிய பகுதிகள் ரேகையின் நீளவாக்கில் அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால் துடைக்கும்போதே முறியும். ப்ளைவுட்டில் இந்தக் கவலை இல்லை.

பிளேடு பிடியிலிருந்து வழுகி வந்தால் டென்ஷனைக் கூட்டாதீர்கள். துருப்பிடிக்காமல் தடவிய எண்ணெய்தான் பொதுவாகக் காரணம். முனைகளை எமரி பேப்பரில் ஒருமுறை தேய்த்தால் நிற்கும். பிளேடு அறுந்தால், எத்தனை நிமிடம் ஓடியது என்று பாருங்கள். கெட்டி மரத்தில் இருபது நிமிடம் உழைத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இரண்டே நிமிடத்தில் போனால் கை அவசரப்படுகிறது. மரம் கருகுவதும், தள்ள பலம் தேவைப்படுவதும் பிளேடு மழுங்கியதன் அடையாளம். சிக்கனம் பார்த்து மழுங்கிய பிளேடில் தள்ளுகிறவர்கள்தான் விரலைக் கொண்டுபோய்ப் பல்லுக்கு முன் வைக்கிறார்கள். விரல்கள் எப்போதும் பிளேடுக்கு இருபுறமும் இருக்கட்டும், நேர் எதிரே வேண்டாம்.

நடுவில் கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. மலிவான மெஷின்கள் பலவற்றில், கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கை பிளேடு அருகில் இருக்கும். தேக்குத் தூளும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தூளும் மூக்குக்கு ஆகாது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். மேலே ஃபேன் ஓடினால் தூள் முகத்துக்கே வரும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள்.

உப்புத்தாள் 120, 180, 220 என்ற வரிசையில் போதும். பூ வேலைக்குள் வார்னிஷைப் பிரஷ்ஷால் அடித்தால் ஓட்டைகளில் தேங்கி உறைந்துவிடும். அகலத் தட்டில் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, பலகையை முக்கி எடுத்து, பத்து நிமிடம் சாய்த்து வைத்து, துணியால் ஒற்றி எடுக்கலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் காற்று பட்டு மெல்லிய ப்ளைவுட் வளையும். அதனால் அறுத்த பலகைகளை இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே பாரம் வைத்துக் கிடத்துங்கள். பிளேடுகளை நம்பர் எழுதிய குழாய்களில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெயோடு மூடி வைத்தால் துரு ஏறாது.