டோமோடோசோலா: சனிக்கிழமை மட்டும் போங்கள்

மற்ற நாட்களில் இது ரயில் மாறும் ஊர், அவ்வளவுதான். சனிக்கிழமை காலையில் சந்தை கூடும், ஊரே வேறு! மிலானிலிருந்து ஒன்றரை மணி நேரம். சுவிட்சர்லாந்துக்குப் போகும் சிம்ப்ளான் ரயில் சுரங்கத்துக்கு முன் இத்தாலியின் கடைசிப் பெரிய நிலையம். பெரெங்காரியோ மன்னர் 917-இல் சந்தை உரிமை கொடுத்த ஊர் இது. பியாத்சா மெர்காதோ சதுக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு தினுசான கல்தூண்கள், மேலே பலகைக்கல் வேய்ந்த கூரைகள். மலைக்கு அந்தப் பக்க விலைக்குப் பயந்து சுவிஸ்காரர்களே பையோடு வந்து இறங்குகிறார்கள்.

துணி, செருப்புக் கடைகளில் நிற்காதீர்கள். அவை எங்கும் கிடைக்கும். நேராகச் சீஸ் வண்டிக்குப் போங்கள். கேட்க வேண்டியது பெட்டெல்மாட் என்ற சீஸ். மேலே ஏழே ஏழு மேய்ச்சல் மலைகளில், கோடையில் மட்டும் செய்வது. குறைந்தது 60 நாள் பதமாக வேண்டும் என்பதால் புதுசு செப்டம்பர் வாக்கில்தான் கீழே வரும். மஞ்சள் நிறச் சீஸ் துண்டை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் வருவது பால் வாசமல்ல, பச்சிலை வாசம். மொட்டோலினா என்ற மலைச்செடிதான் காரணம் என்பார்கள். தோலில் பெயர் சூடுபோட்டிருக்கிறதா என்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த விலை கொடுக்காதீர்கள். ஒசொலானோ வாங்கினால் போதும், அதுவும் நல்ல சீஸ்தான்.

பலர் ஏமாறுவது விலைப்பலகையில். 'எத்தோ' என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கான விலை, கிலோவுக்கு அல்ல! "தூயே எத்தி" என்றால் 200 கிராம். ஊருக்குக் கொண்டுபோக "சொத்தோவுவோத்தோ" என்று கேட்டால் காற்றை உறிஞ்சிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். சைவர்கள் கவனிக்க: பாலைத் திரிக்கச் சேர்ப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை.

சாப்பாட்டுக்கு இந்த ஒசொலாப் பள்ளத்தாக்கின் ஞோக்கி: பரங்கிக்காய், உருளைக்கிழங்கு, செஸ்ட்நட் மாவு பிசைந்து உருட்டிய உருண்டைகள். அபாரம்! லேசான தித்திப்பு, மேலே உருகிய வெண்ணெய். பன்றி இறைச்சி சேர்க்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் அடுப்பு அணைந்திருக்கும். பில்லில் 'கொப்பெர்தோ' (மேசைக் கட்டணம்) என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ ஏறும். அது ஏமாற்று இல்லை, வழக்கம்.

மதியம் சுவிட்சர்லாந்தின் லொகார்னோவுக்கு செந்தோவல்லி ரயில்: 52 கி.மீ., 83 பாலங்கள். பிளாட்பாரம் தரைக்கு அடியில் இருப்பதால் மேலே தேடியே பலர் வண்டியைத் தவறவிடுகிறார்கள். பத்து நிமிடம் முன்னதாகவே கீழே இறங்குங்கள். பனோரமா பெட்டிக்குக் கூடுதல் காசு. சாதாரண வண்டியிலும் அதே பள்ளத்தாக்குதான். எல்லை தாண்டியதும் ஐரோப்பிய ஒன்றிய சிம்மில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பல திட்டங்களில் சுவிட்சர்லாந்து சேராது.