சேர்ந்த தேதி

ஜூலை 3

காலை முழுவதும் மின்சாரம் இல்லை. இடுக்கி மலையில், வண்டன்மேட்டில் ஜூலை என்றால் இப்படித்தான். வந்ததும் அக்சஸைத் திறந்தேன். தோட்டத் தொழிலாளர் பதிவுகள் எல்லாம் இந்தப் பழைய தரவுத்தள மென்பொருளில்தான்; அவற்றை எக்செலுக்கு மாற்ற வேண்டும். கோப்பை வேறு யாரோ பயன்படுத்துகிறார்களாம். அலுவலகத்தில் நானும் பூனையும்தான். மின்சாரம் போனபோது அழியாமல் தங்கிவிட்ட பூட்டுக் கோப்பு, எல்டிபி என்று முடிவது. மற்ற கணினி அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு அழித்தேன். திறந்தது.

ஜூலை 4

ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது. முதலில் நகல். சுருக்கிப் பழுதுபார்ப்பதெல்லாம் நகலில்தான்.

ஜூலை 6

செக்ரோல் அட்டவணை எக்செலுக்குப் போக மறுத்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது; தினக்கூலிப் பதிவு அதை எப்போதோ தாண்டிவிட்டது. எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரை இடம் உண்டு. வடிவமைப்போடு அனுப்பச் சொல்லும் கட்டத்தில் இருந்த டிக்கையும் எடுத்தேன். போனது. மேலாளர் எட்டிப் பார்த்து, “கழிஞ்ஞோ?” என்றார், முடிந்ததா என்று மலையாளத்தில். இல்லை சார், இது எளிய அட்டவணை.

ஜூலை 9

பெயர்ப் பட்டியல். சிஎஸ்வி கோப்பில் பாதிப் பேர் கேள்விக்குறிகளாக நிற்கிறார்கள், மீதிப் பேர் ஏதோ ஐரோப்பிய எழுத்துகளாக. எனக்கு முன்னால் இருந்தவர் பழைய எழுத்துருவில் அடித்தவை இரண்டாம் வகை. அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாகும். கேள்விக்குறிகள் யூனிகோடுப் பெயர்கள். மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் எழுதினால் தமிழுக்கு அங்கே இடமே கிடையாது. கேள்விக்குறியானதைத் திரும்பப் பெறவும் முடியாது. நல்லவேளை, அட்டவணையில் அப்படியே இருக்கின்றன. குறிமுறை 65001, அதாவது யூடிஎஃப்-8, தேர்ந்தெடுத்து மறுபடி எடுத்தேன். அதையும் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் குழப்புகிறது. தரவுப் பட்டியில் போய் உரைக் கோப்பிலிருந்து கொண்டுவந்தால்தான் சரியாக வருகிறது.

ஜூலை 10

கம்பம்மெட்டில் மரம் விழுந்து தொழிலாளர்கள் வரும் ஜீப்புகள் தாமதம். அரைநாள் வேலை.

ஜூலை 12

தேதிகள். இந்த ஒரு பத்திக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

இந்தக் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா; அங்கே மாதம்தான் முதலில், நாள் பிறகு. 25/01/1994 என்பதை எக்செல் தேதியாகவே ஏற்காமல் இடப்பக்கம் ஒதுக்கி வைக்கிறது. அது நல்லது, கண்ணில் படுகிறது. 05/01/1994 என்பதை மே 1 ஆக்கிவிட்டு வலப்பக்கம் ஒழுங்காக நிற்கிறது. பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு கிடையாது.

மூன்றாம் லயத்து, அதாவது மூன்றாம் குடியிருப்பு வரிசை ஆத்தா சேர்ந்தது 1994 ஜனவரி 5. ஓய்வு இந்த 2024 ஜூலை 31. முப்பது ஆண்டும் ஆறு மாதத்துக்கு மேலும். பணிக்கொடைச் சட்டப்படி ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டு, ஆக 31. மே 1 என்று போனால் வெறும் 30. ஓராண்டுக்கான பதினைந்து நாள் கூலி போயிற்று. யார் வந்து கேட்பார்கள்? ஆத்தாவா?

அட்டவணையிலிருந்து தரவை எடுக்கும் குயரியில் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற உரையாக மாற்றிவிட்டேன். இனி எந்தக் கணினியும் தன் விருப்பத்துக்குப் படிக்காது.

ஜூலை 13

டிக் டிக் கூடியிருக்கிறது. ஆத்தா வாசலில் நின்று, “என் கணக்கு வந்துவிட்டதா, பாப்பா?” என்றார். நாளை பார்க்கலாம் ஆத்தா என்றேன். ஏன் நாளை என்று சொன்னேனோ.

ஜூலை 15

குறிப்புப் பத்தி 255 எழுத்தோடு அறுந்துபோகிறது. ஒருவர் ஏலக்காய் ஸ்டோரில் விழுந்து கால் முறிந்தது வரை இருக்கிறது. கொடுத்த பணம் எவ்வளவு என்பது இல்லை. அட்டவணையில் முழுதாக இருக்கிறது. தொகுத்து எடுக்கும் குயரிதான் நீண்ட உரையை வெட்டுகிறது. தொகுப்பை எடுத்துவிட்டுத் தனியாக ஏற்றுமதி செய்தேன். எரிச்சல். எச்சரிக்கை என்று ஒரு வரி போட்டால் என்ன கெட்டுவிடும்?

மேலாளரிடம் வட்டார அமைப்பை மாற்றச் சொன்னேன். தணிக்கை முடியட்டுமாம்.

ஜூலை 17

சேர்ந்த தேதிகளைக் கைப்பதிவேட்டோடு ஒப்பிடுகிறோம். கங்காணி அண்ணன் வாசிக்கிறார், நான் திரையில் பார்க்கிறேன். முதல் லயம் முடிந்தது. இரண்டாவதில் ஒருவருக்குப் பதிவேட்டிலேயே இரண்டு தேதிகள், இரண்டும் ஒரே மையில். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “முந்தியதை எழுதம்மா” என்கிறார். எழுதலாமா என்று மேலாளரைக் கேட்க எழுந்தேன், வெளியே ஜீப் வந்து நிற்கிறது. தணிக்கையாளர். நாளைதான் வருவதாக இருந்தது