அமிலத்தில் விழிக்கும் நொதி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம். ஈசிஇ-2 என்ற நொதி டைனார்ஃபின் போன்ற ஓபியாய்டு பெப்டைடுகளை, அதாவது மார்ஃபின் போல வேலை செய்யும், உடம்பே தயாரிக்கும் சிறு புரதத் துண்டுகளை, எப்படி வெட்டுகிறது என்று பார்க்கும் வேலை எனக்கு. ரத்தத்தின் அமில-காரத்தன்மை அளவிலேயே இருக்கட்டும் என்று, அந்த அளவை மாறாமல் வைத்திருக்கும் கரைசலான பஃபரை பி.எச். 7.4-இல் கலக்கினேன். மூன்று வாரம் நொதி எதையும் வெட்டவே இல்லை. நொதி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிதாகத் தயாரிக்கக் கிளம்பினேன்.

"அது செல்லுக்குள்ள எங்க இருந்து வேலை செய்யுது?" என்று மூத்த ஆய்வாளர் கேட்டார். எண்டோசோமில், செல் உள்ளிழுத்ததைச் சுமக்கும் சின்னப் பையில் என்றேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. அந்தப் பை அமிலத்தன்மை கொண்டது. அன்று மாலையே 5.5-க்கு பஃபர் போட்டு, அதே குழாயிலிருந்து எடுத்து ஊற்றினேன். வெட்டியது.

அதற்கு அப்புறம்தான், செல்லின் மேல்சவ்வில் இருந்து இந்தப் பெப்டைடுகளைப் பிடிக்கும் புரதமான ஓபியாய்டு ஏற்பியின் பயணம் எனக்குக் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. பெப்டைடு வந்து ஒட்டியதும் ஏற்பி சிக்னல் அனுப்புகிறது. உடனே ஜிஆர்கே நொதிகள் அதன் வாலில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பீட்டா அரெஸ்டின் என்ற புரதம் வந்து பற்றிக்கொள்ள, சிக்னல் தணிந்து ஏற்பி உள்ளே இழுக்கப்படுகிறது. பெப்டைடும் கூடவே போகிறது. அமிலம் ஏறிய எண்டோசோமில் ஈசிஇ-2 அந்தப் பெப்டைடைத் துண்டாக்குகிறது. பாஸ்பட்டேஸ் என்ற வேறு நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றுகின்றன. ஏற்பி சவ்வுக்குத் திரும்பி அடுத்த சிக்னலுக்குத் தயாராகிறது. திரும்பாதவை செல்லின் கழிவு சிதைக்கும் பையான லைசோசோமில் சிதைந்துபோகும்.

இதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. சவ்வில் உள்ள ஏற்பிகளில் அடையாளம் ஒட்டி, பெப்டைடைக் கொடுத்து உள்ளே போகவிட்டு, கழுவி, ஒரு மணி நேரம் வரை எத்தனை திரும்புகின்றன என்று அளப்போம். கழுவுவதில்தான் கை பழக வேண்டும். கொஞ்சம் வேகமாக ஊற்றினால் செல்களே பெயர்ந்து வந்துவிடும். நொதியைத் தடுத்த தட்டில் ஏற்பிகள் தயங்கித் தயங்கித்தான் மேலே வந்தன.

மார்ஃபினை நினைத்தால் எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. அது பெப்டைடே இல்லை. இந்த நொதிக்கு அதில் வெட்ட ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்கு, தான் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பியான மியூ ஏற்பியைப் பல செல்களில் அது சரியாக உள்ளே அனுப்புவதும் இல்லை. உள்ளே போய்த் திரும்பினால்தானே ஏற்பி புதுப்பிக்கப்படும்? மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போகவேண்டிய நிலைக்கு இதுவும் ஒரு காரணம் என்பவர்கள் பக்கம்தான் நான். எதிர்வாதமும் பலமாகவே இருக்கிறது. அதனால்தான் இன்னும் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.