ஆயிரம் ரூபாய் நோட்டில் ஒரு றக்பி கப்டன்

எங்கள் சங்கத்தின் இந்த வருட இராப்போசனத்துக்குப் பேச வந்தவர் ஒரு காலத்தில் வேல்ஸ் அணிக்கு றக்பி ஆடியவர். பெயர் விவரமெல்லாம் செயலாளர் தன் அறிக்கையில் போடுவார், அது என் வேலை இல்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் தலையைக் கோத்துக்கொண்டு தள்ளுகிற இடத்தில், தேய்ந்து தேய்ந்து இரண்டு காதும் கத்தரிக்காய் வற்றல் மாதிரி ஆகிவிட்டது. தொடக்கத்தில் சொன்ன மூன்று பகிடிகளும் அவர் போகிற இடமெல்லாம் சொல்கிறவை என்று கேட்டவுடனே தெரிந்தது. மட்டன் றோல்ஸ் வரும்வரை மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து பேர் ஆடுகிற றக்பியான றக்பி யூனியனில் விளையாடச் சம்பளம் வாங்கலாம் என்று ஆனதே 1995 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பு சனிக்கிழமை கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் நாட்டுக்காக ஆடிவிட்டு, திங்கள் காலை புருவத்தில் தையலோடு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்திருக்கிறார். ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் போன்ற பெரிய ஆட்டக்காரரே டொக்டராகத்தான் பிழைத்தார். மேசையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது அந்த இடத்தில்தான்.

பக்கத்தில் இருந்த என் பேரன், பத்து வயது, காதைக் கடித்தான். "அப்பப்பா, எங்கட ஆக்கள் ஆராவது இப்படி விளையாடியிருக்கினமா?"

இருக்கினம் என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1974. நான் கொழும்பு றோயல் கல்லூரியில் சேர்ந்து கொஞ்ச நாள், வெள்ளவத்தையில் வீடு. ஆசிய றக்பி போட்டி கொழும்பில் நடக்கப்போகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்க முடியாது. அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் கனவான்கள் விளையாட்டு, றகர் என்றால் (நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எலும்பு முறிக்கிற அலுவல், அதுவும் டியூசன் நேரத்தில். ஒருநாள் பேப்பரில் இலங்கை அணியின் கப்டன் பெயரைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு முறை வாசித்தார். இந்திரஜித் குமாரசுவாமி.

"ஆர் இந்தக் குமாரசுவாமி?"

கலியாணம் பேசுவதற்கு விசாரிப்பதுபோல இரண்டு நாள் விசாரித்தார். சிவில் சேவையில் இருந்த ராஜு குமாரசுவாமியின் மகன். றோயலில் படித்து, பிறகு இங்கிலாந்தில் ஹாரோ பள்ளி, அதன்பின் கேம்பிரிட்ஜ் இமானுவல் கல்லூரி. 1971, 72இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல்தர கிரிக்கெட் ஆடியவர், ஊருக்கு வந்து தமிழ் யூனியன் கிரிக்கெட் கழகத்துக்கும் ஆடியவர். கடைசியாக வந்த தகவல்தான் அப்பாவைச் சாய்த்தது. அதே வருடம் மத்திய வங்கியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

"சென்ட்ரல் பேங்கில எடுத்திருக்கிறாங்கள் எண்டா தலையில அடி ஒண்டும் பலமா விழேல்லை."

பூட்ஸ் வாங்கக் காசு கொடுத்தார்.

அந்தப் போட்டியில் இலங்கை இறுதி ஆட்டம்வரை போய் ஜப்பானிடம் தோற்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 1969இல் தொடங்கிய அந்தப் போட்டியை 1980 வரை ஒவ்வொரு முறையும் ஜப்பான்தான் வென்றது. ஆசியாவில் இரண்டாவது இடம், அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். எங்கள் லேனில் றகர் பந்து உருண்டையா நீளமா என்று தெரியாத மாமிமார்கூட ஒரு வாரம் அதைத்தான் பேசினார்கள்.

என்னுடைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தோள்பட்டை, இரண்டு பல். றோயலும் கண்டி ட்ரினிட்டி கல்லூரியும் மோதுகிற பிரட்பி கேடயத்துக்கு நான் போனதெல்லாம் கொடி பிடிக்கத்தான். கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று, இரண்டு ஆட்டத்துப் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் என்பதால் முதல் ஆட்டத்தில் வென்றாலும் நிம்மதி கிடையாது. ட்ரினிட்டிக்காரரின் மண்ணில் போய்க் கத்திவிட்டுக் குரல் இல்லாமல் ரயில் ஏறி வருவோம். சரி, அதை எழுதத் தொடங்கினால் மலர் போதாது.

குமாரசுவாமி 1990இலிருந்து 2008 வரை பொதுநலவாயச் செயலகத்தில் இருந்தார். அது லண்டனில் மார்ல்பரோ ஹவுஸில் இருக்கிறது. அந்த வழியாக எத்தனையோ நாள் பஸ்ஸில் போயிருக்கிறேன், இறங்கிப் போய் "எனக்குப் பூட்ஸ் கிடைத்ததே உங்களால்தான்" என்று சொல்லத் துணிவு வரவில்லை. 2016 ஜூலையில் அவரை மத்திய வங்கி ஆளுநராக நியமித்தார்கள், 2019 முடியும்வரை இருந்தார். றகர் கப்டனாக இருந்த வருடம் எந்த வங்கிக்குள் நுழைந்தாரோ அதே வங்கி. அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை.

விருந்து முடிந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த வேல்ஸ்காரரிடம் போனேன். என் பர்ஸில் 2018இல் 70வது சுதந்திர தினத்துக்காக வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்று மடிக்காமல் இருக்கிறது. ஆளுநர் கையெழுத்தைக் காட்டி, இவரும் உங்கள் காலத்து ஆட்டக்காரர்தான், திங்கட்கிழமை இங்கேதான் வேலை என்றேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பவுனில் இது எவ்வளவு வரும் என்று கேட்டார். மூன்று பவுன்கூடத் தேறாது என்றேன்.

"எனக்கு றக்பி தந்ததைவிட அதிகம்" என்று நோட்டைப் பேரனிடம் நீட்டினார்.

அவன் இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.