காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள். அறுவைச் சிகிச்சை நடக்கும் நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர்களுக்கு உட்கார இடம் போதாது. கீமோ தொடங்கி இரண்டு மூன்று ஊசி ஏறுவதற்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. அவரவர்க்கு அவரவர் பாடு இருக்கும்போது அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளியை அன்றாடம் வாட்டும் உபாதைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரத் தொடங்குகின்றன. வாய்ப்புண், நடுராத்திரிக் காய்ச்சல், மலச்சிக்கல், பல்வலி, கை வீக்கம், அக்கி என்று அவை எல்லாமே சொல்லுக்குச் சிறியவை. வீட்டில் சொன்னால், "அவ்வளவு பெரிய நோயையே தாண்டியாச்சு, இது என்ன" என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலரோ மறுபடியும் வந்துவிட்டதோ என்று முகம் வெளிறிப்போகிறார்கள். இது நாலு நாளில் அடங்கிவிடும், இது விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல, பல நேரங்களில் அதே ஊசியை ஏற்றிக்கொண்ட இன்னொரு பெண்தான் வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட பெண்கள் என்னைத் தாங்கியிருக்கிறார்கள்; அவர்கள் செய்வது என்ன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்றாலும், பெரிய நோய் என்றால் எங்கள் பக்கத்தில் பலர் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டி ஏறுகிறார்கள். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தை ஆர்.சி.சி. என்று சொன்னால்தான் எவருக்கும் புரியும். குழித்துறையில் ரயிலேறியோ, களியக்காவிளையில் பஸ் மாறித் தம்பானூரில் இறங்கியோ போகும் பெண்களுக்குள், தலையில் கட்டிய துணியையும் கையில் இருக்கும் தடித்த ஃபைலையும் வைத்தே ஒருவரை ஒருவர் தெரிந்துவிடும். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. பாறசாலைக்கு அப்பால் இருக்கும் மலையாளிச் சேச்சிகளும் எங்களில் உண்டு. மலையாளம் பேச வந்தாலும் படிக்கத் தெரியாத எங்களுக்கு மருந்துக் கவுண்டர் அறிவிப்புகளை வாசித்துச் சொல்வது அவர்கள்தான். 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் களியக்காவிளையில் சாலை அடைபட்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் எல்லை தாண்ட முடியாமல் போனபோது, அதுவரை ரயில் சிநேகமாக மட்டும் இருந்தது தொலைபேசியில் தினமும் விசாரிக்கும் உறவாக மாறியது.

காய்ச்சலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் உயிர் இருக்கிறது. கீமோ மருந்து புற்றணுக்களை மட்டும் தேடிப் போய் அழிப்பதில்லை. வேகமாகப் பெருகும் எல்லா அணுக்களையும் தாக்குகிறது, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து. பல மருந்துகளில் ஊசி ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரையில் அவற்றின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடும். "கவுண்ட் குறைஞ்சிருக்கு" என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் உடம்புக்குள் கிருமி புகுந்தால் சீழோ வீக்கமோ காட்டிக்கொடுக்காது, பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அது நடுராத்திரியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏறிவிட வேண்டும். எங்கள் ஊரிலோ இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருவதால், காய்ச்சல் என்றால் சுக்குக் காப்பி குடித்து, ஒரு பாரசிட்டமால் போட்டு, விடிந்து பார்க்கலாம் என்பது எல்லா வீட்டிலும் பழகிப்போன முறை. மற்றவர்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். கீமோவில் இருப்பவளுக்கு அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கிருமி உள்ளே வேலையைத் தொடரும்.

கருங்கல் பக்கத்துத் தங்கச்சி ஒருத்திக்கு இரண்டாவது ஊசி முடிந்த அடுத்த வாரம் பின்னிரவில் குளிர்க் காய்ச்சல் கண்டது. கணவர் ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போயிருந்தார், மாமியாருக்குக் கண் தெரியாது. அவள் எங்களில் மூத்தவரான அக்காவை அழைத்தாள். அந்தப் பேச்சை அவள் பிறகு சொல்லி நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

"எத்தன டிகிரி காட்டுது மக்களே?"

"நூத்தியொண்ணு. ஒரு டோலோ போட்டுட்டு விடியட்டும்னு இருக்கேன் அக்கா."

"அது போடாண்டாம். ஃபைல எடுத்து வை, கடைசி ஊசி போட்ட தேதி மேல இருக்கணும். நான் ஆட்டோவுக்குச் சொல்லுகேன், நீ எழும்பி வாசலுக்கு வா."

அருகில் இருந்த ஆஸ்பத்திரியில் இறங்கியதும், காய்ச்சல் என்று சொல்வதற்கு முன்பே, "நான் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், கடைசி ஊசி இன்ன தேதி" என்று சொல்ல வேண்டும் என அந்த அக்கா அவளைப் பழக்கியிருந்தார். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் வரிசையில் உட்காரச் சொல்லாமல் நேராக உள்ளே அழைப்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கவுண்ட் மிகவும் கீழே கிடந்தது. அவள் பிழைத்து வந்து, மிச்சமிருந்த ஊசிகளையும் முடித்துவிட்டாள். இப்போது எங்களில் எவருக்குக் கீமோ தொடங்கினாலும் முதலில் கேட்கும் கேள்வி, வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, அதைப் பார்க்கத் தெரியுமா என்பதுதான். ஆறுதல் வார்த்தைகளுக்கு அடுத்த இடம்தான் கொடுக்கிறோம். அதுவே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அக்கி வந்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். சின்ன வயதில் அம்மை போட்ட கிருமி நரம்பின் வேரில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்த காலம் பார்த்து எழுந்துவருவதுதான் அக்கி. கொப்புளம் வெளியே தெரிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்கமாக மட்டும் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். அறுவைச் சிகிச்சை செய்த பக்கத்து விலாவில் அது வந்தால் அந்தப் பெண்ணின் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பெரியவர்களுக்கு அக்கி என்றால் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்ச் செங்காவி குழைத்து எழுதிக்கொள்வதுதான் வழி. அந்த நம்பிக்கையைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் இல்லை. அங்கே போனால் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து நம் வலியைக் கேட்கிறார். ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கீமோவில் இருப்பவருக்கு அக்கி உடம்பெங்கும் பரவவும் கூடும். கண்ணருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. உடைந்த கொப்புளத்தில் காவியைப் பூசினால் புண் பழுக்கலாம். குளச்சலிலிருந்து வரும் சித்தி ஒருவர் இதைச் சண்டையில்லாமல் தீர்த்து வைத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. "எழுதணும்னா ஆறினபிறகு எழுதிக்கோ, இன்னைக்கு டாக்டர்ட்ட வா" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் மாமியாரையும் கூடவே அழைத்துப் போனார்.

கை வீக்கம் நெடுநாள் விஷயம். அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டாலோ அங்கே கதிர்வீச்சுக் கொடுத்தாலோ, கையிலிருந்து திரும்ப வேண்டிய நீர் வழியில்லாமல் தேங்குகிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களிலும் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். எங்கள் பகுதிப் பெண்கள் கையை நம்பிப் பிழைப்பவர்கள். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு பெண்ணின் விரல்களை அருகில் வைத்துப் பார்த்திருக்கிறேன்; கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு நுனிகள் கருத்து, ரேகை தேய்ந்து, நகத்தின் ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. நல்ல கையில் அது வெறும் தொழில் காயம். கணு எடுத்த கையில் அந்த உரிந்த தோல் வழியாகக் கிருமி நுழைந்தால், மாலைக்குள் முழங்கை வரை சிவந்து சூடேறிவிடும். அப்படி ஆனபோது அவளுக்குத் தேவைப்பட்டது உடனடி ஆன்டிபயாட்டிக். அதைவிடவும் தேவைப்பட்டது உடைக்கும் பிரிவிலிருந்து பருப்புத் தரம் பிரிக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் பேச நாலு பேர். நாங்கள் போய்ப் பேசினோம், கேட்டுக்கொண்டார்.

வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் கட்டுப்படுத்துவது எளிது. எங்களில் தையல்காரியான ஒருத்தி தன் இஞ்ச் டேப்பை எப்போதும் பையில் வைத்திருப்பாள். ஆஸ்பத்திரியில் சந்திக்கும்போதெல்லாம் மணிக்கட்டிலும், முழங்கைக்கு மேலே ஒரு குறிப்பிட்ட இடத்திலும் இரண்டு கைகளையும் அளந்து, பழைய டைரி ஒன்றில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் சென்டிமீட்டரில் எழுதிக்கொள்வாள். இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கண்டால் அன்றைக்கே பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பிவிடுவாள். வளையல் ஏற மறுப்பதையும் ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிப்பதையும் அவள் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறாள், அது அவள் தொழில் கொடுத்த கண்.

மற்றவை உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த வெந்நீரால் கொப்பளிப்பது, காரமில்லாத கஞ்சி, மட்டிப்பழம். வாந்தியை நிறுத்தும் மாத்திரையே மலச்சிக்கலைத் தரும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. விரல் மரத்துப்போனவர்கள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது துணியைத் தடிமனாகப் பிடிப்பது, சூடு தெரியாமலே பொள்ளிவிடும் என்பதால். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடும் என் போன்றவர்களுக்குக் காலையில் மூட்டு பிடித்துக்கொண்டு எழும்ப விடாது. நடக்க நடக்க விடும் என்று முதலில் எனக்குச் சொன்னவர் ஒரு சேச்சிதான். எலும்பை உறுதிப்படுத்தும் ஊசி போடுபவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால், துளியானாலும், வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பல பெண்கள் ஆண் மருத்துவரிடம் சொல்லாமல் மறைத்து, எங்களிடம் மட்டும் சொல்கிறார்கள். கேட்டவர் அவளோடு அறைக்குள் போக வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பட்ட வழக்கம்.

இன்னொரு வழக்கத்தில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். ஒருத்தியின் மாத்திரையை இன்னொருத்திக்குக் கொடுப்பதில்லை, பெயரையும் சிபாரிசு செய்வதில்லை. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் புற்றணுவில் ஹார்மோன் ஏற்பி உள்ளது, ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக உள்ளது, இரண்டும் இல்லாதது என்று அது பல வகை. ஒருவருக்கு மருந்தாக இருப்பது மற்றவருக்கு வீணாகவோ கேடாகவோ முடியும்.

நோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்குவதற்கு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் தெரீஸ் லாசர் என்ற பெண், 1952-ல் தனக்கு மார்பக அறுவைச் சிகிச்சை ஆனபின், அதே சிகிச்சை செய்துகொண்ட பெண்களை ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே போய்ப் பார்த்து, கையை எப்படித் தூக்கிப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மருத்துவர்கள் சிலர் அதை விரும்பவில்லை. 1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் பரவிய பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியபோது கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று ஆய்வு வெளியிட்டார். 2001-ல் கனடாவில் பமீலா குட்வின் தலைமையில் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தது மட்டும் தெரிந்தது. எங்களோடு சேர்ந்திருந்தால் நெடுநாள் இருக்கலாம் என்று எவருக்கும் நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. வலி குறைகிறது என்பது எனக்குப் போதும். அதற்காகவே இதைத் தொடர்வேன்.

ஆனால் எல்லாச் சிறு உபாதையும் சிறியதாகவே முடிவதில்லை. குனிந்து துணி துவைத்தாலும் முதுகு வலிக்கும், நோய் எலும்புக்குப் போனாலும் முதுகு வலிக்கும். புதிய வலி இரண்டு வாரம் தாண்டியும் நின்றாலோ, படுத்தாலும் விடாமல் ராத்திரியில் கூடினாலோ, காலில் பலம் குறைந்தாலோ நாங்கள் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு ஆர்.சி.சி.க்குத் தேதி வாங்குகிறோம். எங்களில் சிலர் அப்படிப் போய் இப்போது எங்களோடு இல்லை. அவர்கள் கடைசி மாதங்களில் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை: உதடு காயாமல் இருக்க வெண்ணெய், முதுகைத் தூக்கி வைக்க இரண்டு தலையணை, வலி மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். இந்த வாரம் காட்டாத்துறையில் ஒரு அக்காவுக்கு இடுப்பு வலி தொடங்கியிருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை என்கிறார். ஸ்கேனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. தையல்காரியும் நானும் கூடப் போகிறோம், பாறசாலையில் சேச்சி ஏறிக்கொள்வார். ரயில் சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று.