நாலாவது பாகம்

ஜூன் 11
ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படித்துக் காட்ட 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகத்தையும் பையில் வைத்தாயிற்று. 'பார்த்திபன் கனவு' மட்டும் அலமாரியில் இல்லை. அம்மாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வருமாம்.

ஜூன் 12
எதிலிருந்து படித்துக் காட்டுவது என்று அம்மாவோடு பழைய சண்டை. கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவு, 1941இல். சபதம் 1944இல் தொடங்கியது. கதைப்படி பார்த்தால் சபதம்தான் முந்தியது. சபதத்தில் நாட்டியக்காரி சிவகாமியைக் காதலிக்கிற பல்லவ ராஜா மாமல்லர், பார்த்திபன் கனவில் வயசுக்கு வந்த மகளுக்கு அப்பா. எழுதின வரிசைதான் சரி என்பேன் நான். பார்த்திபன் கனவில் அவரை முதலில் சோழர் கண்ணால் பார்க்கிறோம், கப்பம் கேட்கிற சக்கரவர்த்தியாக. அந்தக் கோபத்தோடு சபதத்துக்குள் போனால்தான் அவர் இழந்தது என்னவென்று உறைக்கும்.

"மொதல்ல அந்தப் புள்ள சிவகாமி கதைய முடி கண்ணு. அப்புறந்தான் அவரு மகளப் பாக்க மனசு வரும்" என்கிறார் அம்மா. சரி, சபதமே.

ஜூன் 13
பரஞ்சோதி காஞ்சிக்கு வந்துவிட்டான். மதயானை மேல் வேலை எறிந்தான். அம்மா சாப்பிட்டது அரை இட்லி. ரிப்போர்ட் திங்கட்கிழமையாம்.

ஜூன் 15
"நாலாவத எடு கண்ணு."

கேட்காத மாதிரி முதல் பாகத்தையே படித்தேன். மறுபடியும் கேட்டார். எனக்கு வந்தது கோபமா பயமா தெரியவில்லை, குரல் உயர்ந்துவிட்டது. காட்டிலே சிவகாமியின் அப்பா சிற்பி ஆயனர் வீடு, தாமரைக் குளம், அஜந்தா வர்ண ரகசியத்துக்காக அந்த மனுஷர் தவிக்கிற தவிப்பு, இதெல்லாம் இல்லாமல் கடைசி பாகத்துக்குப் போனால் என்ன மிஞ்சும்? ஒன்பது வருஷம் எதிரியின் தலைநகரான வாதாபியில் காத்துக் கிடந்தவள் யாரென்று தெரிய வேண்டாமா?

அம்மா மெதுவாகச் சொன்னார். அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஊர் நூலகத்தில் மூன்றாம் பாகம் மட்டும்தான் இருந்ததாம். சிவகாமி சபதம் போடுகிற இடம். "அவ யாரு எவருன்னே தெரியாம அழுதேன்." முதல் பாகம் கிடைத்தது அடுத்த வருஷம். நாலாவது, கல்யாணத்துக்கு அப்புறம்.

எனக்கு அந்தக் கதை வேண்டாம். இப்போது ஏன் நாலாவது, அதுதான் தெரிய வேண்டும். கேட்கவில்லை.

ஜூன் 16
காலையில் இரண்டாம் பாகம் ஆரம்பித்தேன். காஞ்சிக் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுப் பேசினார்.

ஜூன் 17
நாலாவது பாகம் படிக்கிறேன்.

நடுவே ஒரு பழைய பஸ் டிக்கெட் இருந்தது, எழுத்தெல்லாம் மங்கி. அதை எடுக்காதே என்றார் அம்மா. இரவு பத்து மணிக்கு நேரே கடைசி அத்தியாயம் கேட்டார். ஏகாம்பரநாதர் சன்னிதியில் சிவகாமி ஆடுகிறாள். 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்று நான் ஆரம்பித்ததுமே அம்மா கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். ஒரு வார்த்தை தவறவில்லை. டிரிப்ஸ் ஏறுகிற கையின் விரல் போர்வை மேல் தாளம் போட்டது. நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன்.

ஜூன் 18
"யானை வர்ற எடத்த இன்னொருக்கா படி."

படித்தேன். இரண்டு தடவை.

ஜூன் 19
பார்த்திபன் கனவு பரண் மேல் இருந்ததாம். முதல் இருபது பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. பரவாயில்லை, இருக்கிற இடத்திலிருந்து படிக்கலாம் என்றேன். தம்பி நாளைக் காலை பஸ்ஸில் கொண்டு வருகிறான்.